பட்டா வரிசையில் நம் இடம் எத்தனையாவது?

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையை ஒட்டி இருபது, இருபத்தைந்து வீடுகள் உள்ள ஒரு தெரு. அங்கே அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா மஞ்சப்பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து என் முன்னால் பரப்பினார். அத்தனையும் மனு ரசீது. ஜமாபந்தியில் கொடுத்தது, கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தது, ஊருக்குள் நடந்த முகாமில் கொடுத்தது. ஒன்று மழையில் நனைந்து, மை கரைந்து, எண்ணே தெரியவில்லை.

"எல்லாத்துலயும் ஒரே சேதிதான் தம்பி. மூணு சென்ட் மனை. இதுல எது எங்க நிக்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழ் படித்தவன் என்பதால் தெருவில் மனு எழுதித் தரும் வேலை இருபது வருஷமாக என்னிடம் இருக்கிறது. மனு எழுதுவது சுலபம். கொடுத்த பிறகு அது வரிசையில் எத்தனையாவதாக நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். காரணம், அந்த அம்மா நிற்பது ஒரு வரிசையில் அல்ல, இரண்டு வரிசைகளில். ஒன்றுக்கு எண் உண்டு. மற்றதற்குக் கிடையாது.

எண் உள்ளது வீட்டு வரிசை. பிரதமர் வீடு கட்டும் திட்டம் (ஊரகம்) 2016-ல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தின் இடத்தில் வந்தது. 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்து, ஊராட்சிவாரியாக நிரந்தரக் காத்திருப்புப் பட்டியல் தயாரித்தார்கள். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்குத் தனி வரிசை. வீடே இல்லாதவர் முதலில், பிறகு ஒற்றை அறைக் குடிசை, பிறகு இரண்டு அறை என்று முன்னுரிமை. நாடு முழுவதற்குமான ஒதுக்கீட்டில் 60 சதவீதம் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் என்பது விதி. கிராமசபை அந்தப் பட்டியலைப் படித்து ஒப்புதல் தர வேண்டும். விடுபட்டவர்களுக்காக 2018, 2019-ல் 'ஆவாஸ் பிளஸ்' கணக்கெடுப்பு நடந்தது. 2024-க்குப் பிறகு மறுபடியும் ஒன்று. பதிவு எண் இருந்தால் நம் பெயர் எங்கே நிற்கிறது என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். குறை ஆயிரம் இருந்தாலும், கண்ணால் பார்க்கக்கூடிய வரிசை இது.

மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம் 2024-ல் வந்தது. 2030-க்குள் 8 லட்சம் வீடு, ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. நல்ல தொகை. ஆனால் சொந்த மனை இருந்தால்தான் வீடு. மத்தியத் திட்டத்திலும் காலடி மண் நம்முடையதாக இருக்க வேண்டும். மனை இல்லாதவருக்கு மாநில அரசு மனை தர வேண்டும் என்று வழிகாட்டி நெறிமுறையில் இருக்கிறது. நெறிமுறையில் இருப்பது வாய்க்கால் கரைக்கு வந்து சேர்வதில்லை. பட்டியலில் நம் பெயர் வரும். "பட்டா எங்கே?" என்று ஓவர்சியர் கேட்பார். இல்லை என்றதும் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அங்கிருந்துதான் இரண்டாவது வரிசை தொடங்குகிறது. அது வீட்டுமனைப் பட்டா வரிசை. அதில் யாருக்கு அடுத்து யார் என்று எந்தச் சுவரிலும் ஒட்டப்பட்டிருந்து நான் பார்த்ததில்லை.

டெல்டாவில் இந்த இரண்டாவது வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்பதற்கு மண்ணையும் பார்க்க வேண்டும், வரலாற்றையும் பார்க்க வேண்டும். இது நஞ்சை நாடு. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற இந்தப் பக்கத்தில் வயல், வயலை விட்டால் வாய்க்கால், வாய்க்காலை விட்டால் ஆற்றங்கரை. வயலுக்கு மிராசும் கோயிலும் மடமும் சொந்தக்காரர்கள். மானாவாரி மாவட்டங்களைப் போல எடுத்துக் கொடுக்கத் தரிசு கிடையாது. மிச்சமிருந்த கரைகளில்தான் நம் தாத்தா, பாட்டிகள் குடிசை போட்டார்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்பது அரசு ஏட்டில் 'ஆட்சேபணைக்குரிய' புறம்போக்கு. எத்தனை தலைமுறை இருந்தாலும் அங்கே பட்டா கிடையாது. ஆற்றில் தண்ணீர் கரை தொட்டால் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். தண்ணீர் வடிந்ததும் அதே கரைக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்தவர் நிலத்தில் குடியிருப்பவனை வேலைக்கும் வாயைத் திறக்காமல் இருப்பதற்கும் சேர்த்துக் கட்டிப்போடலாம். வெள்ளைக்காரன் காலத்திலேயே இதைக் கண்டு எழுதினார்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காக மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். சேரி மக்களுக்குக் குடியிருக்கும் மனை சொந்தமில்லை என்பதையும் அந்த அறிக்கை பேசியது. 1920-களில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை தஞ்சை உள்ளிட்ட மாவட்டங்களில் மனை நிலம் கையகப்படுத்தி, கூட்டுறவுச் சங்கம் வழியாகத் தவணையில் கொடுத்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலத் துறையின் முன்னோடி அந்தத் துறைதான். ஆக, அந்த அம்மா நிற்கும் வரிசைக்கு நூறு வயது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952-ல் தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க ஒரு சட்டம். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதற்கு மூன்று ஆண்டுக்குள், 1971-ல், குடியிருப்பு மனைகளை அங்கே வாழ்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. 1971 ஜூன் 19 அன்று மிராசு நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம். டெல்டாவில் பல தெருக்களுக்கு முதுகெலும்பைக் கொடுத்தது அந்தச் சட்டம். செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் வீடுவீடாகப் போய் மனு எழுதிய கதையை என் அப்பா காலத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் அது அன்றைக்கு இருந்தவர்களுக்கு. அப்போது மனை பெற்றவருக்கு மூன்று மகன் என்றால், அந்த மகன்களுக்கும் மகன்கள். மனை மட்டும் அதே அளவு. ஒரே மனையில் நான்கு அடுப்பு எரிகிற வீடுகள் நமக்குத் தெரியும். அரசு ஏட்டில் அவர்கள் மனை உள்ளவர்கள்.

இதற்காகவே 1978-ல் அரிஜன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. பொது நில எடுப்புச் சட்டத்தின் நீண்ட நடைமுறை இல்லாமல், நில உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, விசாரித்து, மாவட்ட அரசிதழில் வெளியிட்டால் நிலம் அரசுக்கு வந்துவிடும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே சட்டம் பெரும்பாலும் நிலைத்தது. இழப்பீட்டைத் தவணையில் கொடுக்கலாம் என்ற பிரிவு மட்டும் போனது. பிறகு 2013-ன் மத்திய நில எடுப்புச் சட்டம் வந்து குழப்பியது. 2014-ல் மாநிலம் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து இந்தச் சட்டத்தைக் காப்பாற்றப் பார்த்தது. 2019 ஜூலை 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் முன்தேதியிட்டு இன்னொரு சட்டம் இயற்றியது. 2021 ஜூன் 29-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இவ்வளவு வழக்கிலும் நம்மைக் கேட்டவர் யாருமில்லை. 105-ஏ பிரிவுக்குள் சாலைக்கான சட்டமும் தொழிற்பேட்டைக்கான சட்டமும்கூட இருந்தன. சாலைக்கு நிலம் எடுக்கும் வேகத்தையும் சேரிக்கு மனை எடுக்கும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை வாசகருக்கே விட்டுவிடுகிறேன்.

திருக்காட்டுப்பள்ளிக்கென்று தனியாக ஒரு சிக்கலும் இருக்கிறது. இது பேரூராட்சி. பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் தெரு, ஏட்டில் நகரம். அங்கே நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்ணும் நகரவாசிதான். அவருக்கு ஊரக வேலை உறுதித் திட்டம் கிடையாது, ஊரகப் பட்டியலும் கனவு இல்லமும் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் பூதலூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சியில் இருக்கும் அவருடைய தங்கைக்கு இவை எல்லாம் பொருந்தும். பேரூராட்சிக்காரர் கேட்க வேண்டியது பிரதமரின் நகர்ப்புறத் திட்டம். 2015-ல் தொடங்கிய அது 2024 செப்டம்பரில் இரண்டாம் கட்டத்துக்கு வந்தது. அதில் மலிவு வாடகை வீடு என்று ஒரு பிரிவும் உண்டு. அது எங்கள் ஊர் வரை வருமா என்று கேட்காதீர்கள். மனு எந்த அலுவலகத்துக்கு என்று தெரியாமல் யூனியன் ஆபீஸிலும் பேரூராட்சியிலும் மாறி மாறி அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். முதல் வேலை, உங்கள் தெரு எந்த எல்லைக்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணோடு கேட்டுத் தெரிந்துகொள்வதுதான்.

கல்யாணமான இளையவர்கள் டவுனில் வாடகைக்குப் போகப் பார்க்கிறார்கள். "நீங்க எந்தப் பக்கம்?" என்ற கேள்வி முதலில் வரும், அட்வான்ஸ் எவ்வளவு என்பது பிறகுதான். வீடு கிடைத்துவிட்டாலும் இன்னொரு தொல்லை. கணக்கெடுக்க வருபவர் சுவரையும் கூரையையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். சுவர் யாருடையது என்று நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வாடகை உதவிக்கான காத்திருப்புப் பட்டியல் அமெரிக்காவிலும் உண்டு. 1974-லிருந்து நடக்கும் 'செக்‌ஷன் 8' திட்டத்தில் ஏழைகளின் வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டுகிறது. அங்கேயும் வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். பல ஊர்களில் பட்டியலையே மூடிவைத்திருப்பார்கள், திறக்கும்போது குலுக்கல் நடக்கும். அலுவலகம் அனுப்பும் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் பெயர் போய்விடும். பணக்கார நாட்டிலும் ஏழை வரிசையில்தான் நிற்கிறார். இலங்கை மலையகத்தில் நம் மக்கள் ஏழு பேர்ச் காணிக்காக லயன் அறைகளிலிருந்து இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அமெரிக்கக்காரருக்கு, தான் பட்டியலில் இருக்கிறோம் என்பதற்கு ஒரு சான்று கையில் இருக்கும். நமக்கு இருப்பது மனு பெற்றதற்கான ரசீது மட்டும். மனு பெற்றுக்கொண்டோம் என்பதும் பட்டியலில் சேர்த்தோம் என்பதும் ஒன்றல்ல. "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று குறுஞ்செய்தி வந்து இரண்டாம் நாள் "மனு முடித்துவைக்கப்பட்டது" என்று இன்னொன்று வரும். அதைச் சம்மதம் என்று நினைத்துச் சும்மா இருந்தவர்கள் உண்டு.

மாணவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. தெருவில் யாராவது ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். குடும்பத் தலைவி பெயர், மனு கொடுத்த தேதி, ரசீது எண், எந்த அலுவலகம், வந்த பதில். ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு என்றால் முதலில் குடும்ப அட்டையைப் பிரியுங்கள். அட்டை ஒன்றாக இருக்கும்வரை அரசுக்கு நீங்கள் ஒரே குடும்பம். திருப்பூருக்கோ செங்கல் சூளைக்கோ போனவர்களின் பெயரையும் அதில் எழுதுங்கள். கணக்கெடுப்பு நாளில் கதவு பூட்டியிருந்தது என்பதற்காக விடுபட்ட பெயர்கள் ஏராளம். பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடிவதால் ஜமாபந்தி பெரும்பாலும் மே, ஜூனில் வரும். தனித்தனியாகப் போகாமல் தெருவாகப் போய்க் கொடுங்கள்.

ஊராட்சிக்காரர்களுக்குக் கிராமசபை இருக்கிறது, ஆண்டுக்கு ஆறு. தஞ்சை மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லை என்றால் பட்டியலைப் படிக்கச் சொல்ல முடியாது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அப்படி இல்லை. காத்திருப்புப் பட்டியலைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள், யார் பெயர் ஏன் நீக்கப்பட்டது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பட்டா கிடைத்த பிறகும் கவனம் வேண்டும். விழா மேடையில் பட்டா வாங்கி, நிலம் எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே வருஷங்கள் போனவர்கள் இருக்கிறார்கள். சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுக் காட்டினால்தான் அது மனை. எடுத்துத் தரும் நிலமும் பெரும்பாலும் பள்ளமாக இருக்கும். ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீர். குறித்த காலத்துக்குள் வீடு கட்டவில்லை என்றால் பட்டாவை ரத்து செய்யலாம் என்ற நிபந்தனையும் அந்தக் காகிதத்தில் இருக்கும். பாதை இல்லாத, மண் கொட்டாத இடத்தில் எப்படிக் கட்டுவது என்று உடனே எழுத்தில் கேட்டுவைத்துவிடுங்கள். இந்திரா திட்டத்துக் காலத்துத் தொகுப்பு வீட்டில் இருப்பவர்கள் வேறு மாதிரி மாட்டியிருக்கிறார்கள். சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிந்தாலும் ஏட்டில் அது கான்கிரீட் வீடு. அவற்றை இடித்துக் கட்ட 2025-26 பட்ஜெட்டில் 25,000 வீடுகளுக்கு 600 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் தெரு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்கு இந்த முறை மனு எழுதவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினோம். ஆதிதிராவிடர் நல தனி வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. கேள்விகள் நான்குதான். இன்ன தேதியிட்ட என் மனுவின் கோப்பு எண் என்ன, அது இப்போது யார் மேசையில் இருக்கிறது? எங்கள் கிராமத்தில் மனை கேட்டவர்களின் பட்டியல், தேதிவாரியாக. எங்கள் கிராமத்துக்கு நில எடுப்பு முன்மொழிவு ஏதும் அனுப்பப்பட்டதா, சர்வே எண் எது? அந்தப் பதிவேட்டை நான் நேரில் வந்து பார்க்க எந்த நாள், எந்த நேரம்? பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினோம். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு உண்டு என்று சொன்னேன்.

நனைந்த ரசீதைத் தனியாக மடித்துப் பைக்குள் வைத்தார். தபால் ரசீதை அதன் மேல் வைத்தார். "முப்பதாம் நாள் என்ன கெழமை வருது, பாருங்க தம்பி" என்றார். காலண்டரைப் பார்த்தேன். வியாழக்கிழமை. அன்றைக்கு நடவுக்குப் போகப்போவதில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அப்போதே சொல்லிவைத்தார்.