உழவர்கரையில் ஓய்ந்த பாட்டு

புதுவைக்கு மேற்கிலும் வடமேற்கிலும் பரந்து கிடக்கும் உழவர்கரை, தன் பழந்தொழிலைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊராகும். பிரெஞ்சியர் நாவில் அப்பெயர் உல்கரே எனத் திரிந்தது. 1954 நவம்பர் முதல் நாள் அவர்தம் ஆட்சி கைம்மாறியது; 1962இல் இணைப்புச் சட்டப்படி உறுதியாயிற்று. பெயர் மட்டும் அப்படியே நிலைத்தது, உழவர் நிலைக்கவில்லை. தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டைகள். இலாசுப்பேட்டையில் வானூர்தி நிலையம். எஞ்சிய நிலமெல்லாம் மனைகள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நகராட்சியில் ஏறத்தாழ 3 இலக்கம் மாந்தர் வாழ்ந்தனர். வயல் மனையாயிற்றே என்று வருந்துவார் பலர் உளர். அவ்வயலில் பருவந்தோறும் ஒலித்த பாட்டும் உடன் போயிற்றே என்று வருந்துவார் மிகச் சிலரே.

பருவத்தையும் பாட்டையும் பிணைத்துக் காண்பது தமிழர்க்குப் புதிதன்று. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டினை அறுவகையாய்ப் பகுத்து, அவற்றைத் திணைகட்கு உரிமையாக்கிய தொல்காப்பியர், அத்திணைகளின் கருப்பொருள்களுள் பறையையும் யாழையும் வைத்தார். மருதத்திற்கு நெல்லரி கிணை என்றொரு பறையை அகப்பொருள் நூல் கூறும். நெல் அறுக்குங்கால் முழக்குவது என அதன் பெயரே சொல்லிவிடும். இளங்கோவடிகளோ இன்னும் தெளிவாகக் காட்டினார். காவிரிக்கரை வழியே கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடந்து செல்கையில், நடவு செய்யும் உழத்தியரின் விருந்திற்பாணியும், ஏர் பூட்டுவோரின் ஏர்மங்கலமும், களத்தில் நெல்லடிப்போரின் முகவைப் பாட்டும் அவர்தம் செவியில் விழுகின்றன. உழவாண்டின் தொடக்கமும் நடுவும் முடிவும் மூன்று பாட்டுகளாய் அங்கே அடங்கிவிட்டன. இதனை எழுதியவர் சேரர் குடியில் தோன்றிய துறவி. பாடியவர் வயற்சேற்றில் நின்ற கூலி மாந்தர்.

அவ்வாண்டு முறைதான் புதுவைச் சிற்றூர்களிலும் அண்மைக்காலம் வரை வழங்கியது. கடகத் திங்களில் (ஆடி) விதைத்து, மடங்கல், கன்னித் திங்கள்களில் (ஆவணி, புரட்டாசி) சம்பா நடுவர். நடவுப் பாட்டில் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். மற்றையோர் வாங்கிப் பாடுவர். குனிந்த முதுகு நிமிராமல், கைகள் ஒரே சீராய் நாற்றினை ஊன்றுதற்கு அப்பாட்டே அளவுகோல். அதற்குள் மாமியார் கொடுமையும் இருக்கும்; வரப்பில் நின்று ஏவும் மேற்பார்வையாளனை நையாண்டி செய்யும் குத்தலும் இருக்கும். நேரில் சொன்னால் கூலி போய்விடும். பாட்டில் சொன்னால் அவனும் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். துலை, நளித் திங்கள்களில் (ஐப்பசி, கார்த்திகை) வாடைமழை ஏரியை நிரப்பும். மழை பொய்த்துவிட்டால் கொடும்பாவி கட்டி இழுத்து ஒப்பாரி வைப்பர். சிலைத் திங்களில் (மார்கழி) வைகறைப் பாவைப் பாட்டு. சுறவத்தில் (தை) அறுவடையும், களத்தில் பொலிப் பாட்டும், பொங்கலை ஒட்டிய கும்மியும். வேனிலில் வயல் ஓய்ந்திருக்கும். அப்போது பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். நிலம் காய்ந்த காலத்து நீர் இறைக்க ஏற்றப் பாட்டு. ஒருவர் துலாவின்மீது ஏறியும் இறங்கியும் நடக்க, ஒருவர் சாலைக் கவிழ்ப்பார். எத்துணைச் சால் இறைத்தாயிற்று என்னும் கணக்கும் பாட்டுக்குள்ளேயே எண்ணாய் அமைந்திருக்கும். எழுத்தறியா உழவனுக்கு அதுவே கணக்கேடு.

1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார், தம் குயில் பாட்டின் களமாக ஊருக்கு மேற்கேயுள்ள மாஞ்சோலை ஒன்றைத் தேர்ந்தார். உழவர்கரையும் அத்திசையிலேதான் உள்ளது. தன்னை மயக்கிய இசைகளை அக்குயில் அடுக்கும்போது ஏற்றப் பாட்டையும், நெல் குற்றும் மகளிரின் பாட்டையும் சேர்த்துச் சொல்கிறது. பறவையின் பாட்டுக்கு மாந்தர் மயங்கியதாகவே புலவர் பலரும் பாடுவர். உழைப்பார் பாட்டுக்குப் பறவை மயங்கியதாகப் பாடிய அப்புதுமை புதுவை மண் தந்தது எனல் தகும். அம்மண்ணிற் பிறந்த பாவேந்தரும் தம் இசையமுதில் உழத்தி, வண்டிக்காரன், மாடு மேய்ப்பவன், பூக்காரி ஆகியோர்க்குப் பாட்டு யாத்தார்.

இப்பாட்டு ஓய்ந்ததற்குத் திரைப்படப் பாட்டின்மேல் பழி போடுவது எளிது. ஆயினும் அது முழு உண்மையாகாது. மின்னிறைப்பி வந்தது, ஏற்றம் போயிற்று. ஏற்றம் மிதித்துத் தேய்ந்த கால்களை எண்ணுவார் எவரும் அதன் மீட்சியை வேண்டார். ஆழ்ந்த மாற்றம் நெல்லிலேயே நிகழ்ந்தது. பழைய சம்பா நெற்கள் பல, பகற்பொழுது குறுகும் காலம் பார்த்துத்தான் பூக்கும். பருவத்தை அவை அறிந்திருந்தன. 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8 முதலான குறுகிய காலநெற்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நீர் இருந்தால் எத்திங்களிலும் நடலாம். விளைச்சல் பெருகியது, பசி தணிந்தது, அதனை மறுத்தல் அறமாகாது. ஆனால் எப்போதும் நடலாம் என்றானபின் இன்ன திங்களுக்கு இன்ன பாட்டு என்னும் முறை எப்படி நிற்கும்? (சொர்ணவாரி என்னும் வேனிற்போகத்தின் பெயரில் வடசொல் ஒட்டிக்கொண்டிருப்பதையும் ஈண்டுக் குறிக்கலாம்.)

தமிழிசைக்குப் போராடியோர் பக்கமும் குறையுண்டு. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது, மேடையில் தமிழ் ஏறியது, அது பெருஞ்செயல். எனினும் நடவுப் பெண் அம்மேடைக்கு அழைக்கப்படவில்லை. அவள் சேரியிலிருந்து வந்தவள் என்பதையன்றி அதற்கு வேறு கரணியம் தேடுவது வீண். அதே 1943இல் மு. அருணாசலனார் 'காற்றிலே மிதந்த கவிதை' வெளியிட்டார். பெர்சி மாக்குவீன் என்னும் ஆங்கில அலுவலர் திரட்டியவற்றைக் கி.வா. சகந்நாதனார் 'மலையருவி'யாக 1958இல் பதிப்பித்தார். பின்னர் நா. வானமாமலையார் உழைத்தார். புதுவை இரா. திருமுருகனார் சிந்துப் பாக்களின் யாப்பை ஆராய்ந்து சிந்துப் பாவியல் யாத்து, உழைப்பார் பாட்டிலும் இலக்கணம் உண்டென நிறுவினார். இவர்கள் தொட்டது கடலில் ஒரு கையளவே.

எஞ்சியதைத் திரட்டப் புறப்படும் தனித்தமிழ் அன்பர்க்கு ஓர் இடர் காத்திருக்கிறது. பாடுவோர் வாயில் வடசொல்லும் உருதுச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் விரவி வரும். அவற்றைக் களைந்து தூய சொற்பெய்து அச்சேற்றக் கை துடிக்கும். அது கூடாது. எழுதுவோர் தம் எழுத்தைத் தூய்மை செய்து கொள்ளட்டும்; பிறள் பாட்டைத் திருத்துதல் பொய்ச்சான்று சொல்வதாகும். மேலும், அப்பாட்டிலேயே பரம்பு, நாற்றுமுடி, சால், பொலி, கருக்காய் எனக் கலப்பில்லாத் தமிழ்ச்சொற்கள் குவிந்து கிடக்கின்றன. அகரமுதலிக்குள் ஏறாதன எத்துணையோ! திருத்தக் கிளம்புவோன் அவற்றையும் கொச்சையென்று தள்ளிவிடுவான்.

உழவர்கரையில் வயல் இல்லை. ஆனால் வயலில் நின்றவர் இன்னும் சிலர் உளர். முத்திரையர்பாளையத்திலும் இரெட்டியார்பாளையத்திலும் மூதாட்டியரைத் தேடலாம். பாகூர், மண்ணாடிப்பட்டுப் பக்கங்களில் நெல்வயல்கள் இன்றும் உள. ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. பாடியவர் ஒப்பினால் அவர் பெயர், ஊர், திங்கள், எவ்வேலைக்குரிய பாட்டு என்பன எல்லாம் உடன் பதியப்பட வேண்டும். வேலையினின்று பிரித்தெடுத்த பாட்டில் பாதி விடுபட்டுப் போகும். பாடுவோர்க்கு ஒரு நாள் நடவுக் கூலியேனும் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பதே முறை. அடுத்த கடகத்திற்கு முன்பே இப்பணியைத் தொடங்கலாம். மூதாட்டியர் எண்பது அகவையைக் கடந்துவிட்டனர்.