சாமி புண்ணியத்துல ஊர் போய்ச் சேர்ந்தோம்

டிசம்பர் பிறந்தால், முன்பின் தெரியாதவர்கள் செய்த உதவியைச் சொல்லிச் சொல்லி நெகிழ்வது நமக்கெல்லாம் வழக்கமாகிவிட்டது. என்னிடமும் கதை இருக்கிறது. ஆனால் சொல்ல வாயெடுத்தாலே நெகிழ்ச்சிக்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது.

சென்னையில் பிழைக்கிற திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குக் கேக்கும் நட்சத்திரமும் அப்புறம்தான், முதலில் டிக்கெட். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. டிசம்பர் 23 ராத்திரிக்கு அக்டோபர் 24 காலை 8 மணிக்குப் போனும் கையுமாக உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். அம்மாவின் பெயரையும் வயதையும் அடித்து முடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட். தட்கல் கூத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பக்கம் போதாது.

மிச்சம் ஆம்னி பஸ். மற்ற நாளில் 900 ரூபாய்க்குக் கூவிக் கூவி ஏற்றுகிற அதே ஸ்லீப்பர், அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விடுகிற வாரத்தில் 2,800. கேட்டால் “டிமாண்டு சார்” என்கிறார்கள். இவை காண்ட்ராக்ட் கேரியேஜ் பெர்மிட்டில் ஓடுகிற வண்டிகள், அரசு பஸ் மாதிரி கட்டணம் நிர்ணயிக்க முடியாது என்று வருஷா வருஷம் ஒரு விளக்கம் வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆவது பிரிவு, காண்ட்ராக்ட் கேரியேஜுக்கும் கட்டணம் குறித்து மாநில அரசு உத்தரவு போடலாம் என்றுதான் சொல்கிறது. புத்தகத்தில் இருக்கிறது. பண்டிகை முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடுகிறது.

எட்டரை மணி பஸ் கிளாம்பாக்கத்துக்குத் தாமதமாகத்தான் வந்தது. வந்தது வேறு வண்டி. “பஸ் மாத்திட்டோம், சீட்டும் மாறும்” என்று ஒரு பையன் தாளைப் பார்த்துப் படித்தான். மூட்டு தேய்ந்து மாடிப்படி ஏற முடியாத அம்மாவுக்கு நான் பார்த்துப் பார்த்துப் போட்ட லோயர் பெர்த், அப்பர் பெர்த் ஆகியிருந்தது. நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே படுத்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி போர்வையைச் சுருட்டிக்கொண்டு, “நீங்க இங்க படுங்க பாட்டி” என்று விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டாள். பையன் நிம்மதியாக அடுத்த சீட்டுக்குப் போனான். அவன் தீர்க்க வேண்டிய பிரச்சினையை, அவனுக்கே 2,800 கொடுத்த ஒரு பெண் தீர்த்துவைத்தாள்.

டிக்கெட்டில் நாசரேத் என்று போட்டிருந்தது. விடிவதற்கு முன்னால் தூத்துக்குடி பைபாஸில் நிறுத்தி, “நாசரேத் ஆளுங்க எல்லாம் இறங்குங்க, வண்டி அந்தப் பக்கம் போகாது” என்றார்கள். தெற்கே பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த பைபாஸ் இறக்கம் புதிதல்ல. ஏறும்போது ஒரு ஊர், இறங்கும்போது வேறு ஊர். இருட்டில் நாங்கள் இரண்டு பேர், மூன்று பெட்டி, பேரப்பிள்ளைகளுக்கு வாங்கின காகித நட்சத்திரம் ஒன்று.

அப்போதுதான் அந்த லோடு ஆட்டோ வந்தது. மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கிவிட்டு ஏரலுக்குத் திரும்புகிற வண்டி. கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறைய விபூதி. சபரிமலைக்கு மாலை போட்டவர். “எங்க போணும் சாமி? ஆச்சிய முன்னால உக்கார வைங்க” என்றார். பெட்டியோடு பெட்டியாக நான் பின்னால், வாழைச்சருகு மேல். ஏரலோடு நிற்கவில்லை. நாசரேத்தில் எங்கள் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, பணத்தை நீட்டினால், “மால போட்டிருக்கேன், வேண்டாம் சாமி” என்று வண்டியைத் திருப்பினார்.

இதை மத நல்லிணக்கச் செய்தியாக்கி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டுவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். எங்கள் பக்கத்தில் ஐயப்ப சாமி கிறிஸ்தவ ஆச்சியை வண்டியில் ஏற்றுவது அதிசயமே இல்லை. இறக்கிவிட்டவனைக் கேட்பார் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அந்தப் பெண் இடம் கொடுக்காமல், இந்தச் சாமி வண்டியை நிறுத்தாமல் போயிருந்தால் அந்த ராத்திரி ஒரு கலாட்டா நடந்திருக்கும். நாலு பேர் படம் எடுத்திருப்பார்கள், ஒரு புகாராவது போயிருக்கும். நல்லவர்கள் நடுவில் புகுந்ததால் எல்லாம் சுமுகமாக முடிந்தது. பஸ்காரனின் கணக்கில் நானும் “பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பயணி”. ரேட்டிங் கேட்டு மெசேஜ் கூட அனுப்பியிருந்தான்!

வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: “போய்ச் சேர்ந்துட்டீங்கல்ல, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நல்ல நாளும் அதுவுமா எதுக்கு அதையே பேசிக்கிட்டு?” முந்திரிக்கொத்துத் தட்டு கைக்கு வந்தது. வாயை அடைக்க அதைவிடத் தோதான பலகாரம் கிடையாது, அவ்வளவு கெட்டி.

புகார் எழுதினேன். “வருந்துகிறோம்” என்று ஒரு வரி வந்தது. எழுதின நேரத்தைப் பார்த்தால் மனுஷன் எழுதின மாதிரி இல்லை, நான் அனுப்பின அதே நிமிஷம்.

ஜனவரி 1 ராத்திரி திரும்ப வேண்டும். இப்போதே 3,200 காட்டுகிறது. லோயர் பெர்த் என்றுதான் இதிலும் போட்டிருக்கிறது. அம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்கிறாள்: “அந்தப் பிள்ளையும் இதே பஸ்லதான் வருமாய்யா?”