எண்ணெய்க் குடமும் இரசாயனப் பரலும்

உவர்நீரும் நன்னீரும் கலவாதிருக்க வேண்டுமாயின் இரண்டிற்கும் இடையே ஓர் அணை வேண்டும் என்பதைத் தொண்டைமானாற்றுக் கமக்காரனுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கடலும் ஏரியும் சந்திக்கும் வாயிலிலே கதவுகளோடு கூடிய தடுப்பணை நிற்பது அதற்காகவே. கதவு பழுதுபட்டால் உவர் ஏறும்; உவர் ஏறினால் வயலும் போகும், கிணறும் போகும். இஃது எம்மவர் அனைவரும் அறிந்த நியாயம். ஆயினும் இதே நியாயம் தொழிற்சாலைக்கும் அடுக்களைக்கும் இடையிலும் உண்டென்பதை நம் நாட்டுச் சட்டமும் சந்தையும் இன்னும் முழுதாக உணரவில்லை. உணராமையின் விலையை ஒருமுறை நம் குலத்துச் சிறுமியரே கொடுத்தனர். அவ்வரலாற்றை அறிந்தோர் இன்று மிகச் சிலர்.

1977, 1978 ஆம் ஆண்டுகளில் மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதிகளைச் சேர்ந்த இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சிறுமியர் திடீரெனக் கால் துவண்டு நடக்கவியலாதவர் ஆயினர். முதலிலே கெண்டைக்காலில் நோவு; சில நாளில் பாதம் தொங்கியது; பின்னர் கையும் துவண்டது. வீட்டில் ஏனையோர் நலமாயிருக்க, அண்மையிற் பூப்பெய்திய பெண்ணுக்கு மாத்திரம் இந்நோய் வந்தது ஏன்? விடை நம் வழக்கத்திலேயே இருந்தது. சாமத்தியப்பட்ட பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது வடக்கிலும் மலையகத்திலும் ஒன்றுபோலப் போற்றப்படும் முறை. விலை கூடிய நல்லெண்ணெய் வீட்டார் எல்லோருக்கும் வார்க்கப்படுவதில்லை. உடல் உரம் பெறட்டும் என்று அப்பிள்ளைக்கென்றே ஒதுக்கப்படுவது. அந்த எண்ணெயிலேதான் நஞ்சு இருந்தது. வைத்திய கலாநிதிகள் சேனநாயக்க, ஜெயரத்தினம் ஆகியோர் இதனை ஆராய்ந்து 1981 ஆம் ஆண்டில் லண்டன் ‘லான்செற்று’ மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். நஞ்சின் பெயர் முக்கிரசைல் பொசுபேற்று. முன்னர் கனிம எண்ணெய் வைத்திருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்தமையாலேயே அது கலந்திருக்க வேண்டுமென்பது அவர்கள் முடிபு.

தாய் அன்போடு வார்த்துக் கொடுத்த எண்ணெயே மகளின் காலை முடக்கிற்று. தாய்மீது குற்றமில்லை. வழக்கத்தின் மீதும் குற்றமில்லை. குற்றம் பரலின் மீது. பரலைக் கழுவிவிட்டாற் போதும் என்று எண்ணியவன் மீது. அவ்வாறு எண்ணுவதற்கு இடங்கொடுத்த ஆட்சியின் மீது.

இந்தச் சரக்கு யாது, எதற்காகச் செய்யப்படுவது என்பதை வாசகர் அறிந்திருத்தல் நன்று. கோயிலில் நாம் ஏற்றும் கற்பூரம் ஒருகாலத்தில் பெரும் தொழிற்சாலைச் சரக்காகவும் இருந்தது. நைத்திரோசெலுலோசு என்னும் விறைத்த பொருளோடு கற்பூரத்தைச் சேர்த்தால் அது இளகி, வளைந்து கொடுக்கும் செலுலோயிட்டு ஆகும். சீப்பும், பந்தும், சினிமாப் படச்சுருளும் அதனாற் செய்யப்பட்டன. ஆனால் செலுலோயிட்டு தீயைக் கண்டால் வெடிபோற் பற்றும். கற்பூரமும் எரியும் பொருளன்றோ! இளக்கவும் வேண்டும், எரியவும் கூடாது என்ற தேவைக்கு இரசாயனிகள் கண்ட விடைகளுள் ஒன்று பொசுபேற்று எசுத்தர்கள். பொசுபரசு ஒட்சிகுளோரைட்டை பீனோலோடு தாக்கமுறச் செய்தால் முப்பீனைல் பொசுபேற்றும், கிரசோலோடு தாக்கமுறச் செய்தால் முக்கிரசைல் பொசுபேற்றும் கிடைக்கும். ஐதரசன் குளோரைட்டு வாயு வெளியேறும். இவை பிளாத்திக்கை இளக்கும். தீப்பட்டால் சிதைந்து பொசுபோரிக் அமிலமாகி, எரியும் பொருளின் மேற்பரப்பைக் கரியாக்கி, அக்கரியையே கவசமாக்கித் தீயை அடக்கும். பீ.வீ.சீ. விரிப்பு, மின்கம்பி உறை, செயற்கைத் தோல், வார்னிஷு, ஆகாயவிமான இயந்திர எண்ணெய், நீரியல் இயந்திரங்களின் திரவம் ஆகிய பலவற்றில் இவ்வினத்துச் சரக்குகள் இடம்பெறும். மனிதனுக்கு இவற்றால் நன்மை இல்லையென்று எவரும் சொல்லார். எத்தனையோ தீவிபத்துக்களை இவை தடுத்திருக்கின்றன.

தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. கிரசோல் நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கப்படும்போது ஓதோ, மெற்றா, பரா என மூன்று வடிவிற் கலந்து வருவது. இவற்றுள் ஓதோ வடிவம் சேர்ந்த பொசுபேற்றே நரம்பைக் கெடுப்பது. உடலுக்குள் அது மாற்றமடைந்து, நரம்பிலுள்ள ஒரு நொதியத்தைப் பற்றிக்கொள்கிறது. நீண்ட நரம்புகள் நுனியிலிருந்து சிதைகின்றன. ஆதலாலேயே முதலிற் பாதமும் பின்னர் கையும் துவளுகின்றன. மாற்று மருந்து இல்லை. கையின் பலம் பெரும்பாலும் திரும்பினும், காலின் குறை பலருக்கு நிலைத்துவிடும். எலியில் இந்நஞ்சு எளிதிற் புலப்படாது. கோழியிலேதான் தெளிவாகத் தெரியும். அதனாலேயே இத்தகைய சரக்குகளைக் கோழிகளிற் சோதிக்கும் முறை உலகில் நிலைபெற்றது. இன்று செய்யப்படும் சரக்கில் ஓதோ வடிவம் மிகக் குறைக்கப்பட்டுள்ளது என்பதும் உண்மையே.

சட்டத்தின் கண்கொண்டு நோக்குமிடத்து இந்நஞ்சுக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. எண்ணெயோடு எண்ணெயாய்க் கலக்கும். கொதிநிலை மிக உயர்ந்தது. பொரித்தாலும் தாளித்தாலும் போகாது. மூன்றாவது இலக்கணமே மிகக் கொடியது. உண்டவுடன் நோய் பெரிதாகத் தோன்றாது. ஒன்று முதல் மூன்று கிழமை கழிந்தே கால் துவளும். அதற்குள் போத்தல் காலியாகிக் கழுவப்பட்டுவிடும்; பரல் வேறு ஊருக்குப் போய்விடும்; கடைக்காரன் புதிய சரக்கு இறக்கிவிடுவான். சாட்சியைத் தானே அழித்துவிட்டு வரும் குற்றம் இது. இத்தகைய வழக்கில் நோயாளியே அனைத்தையும் நிரூபிக்கவேண்டும் என்பது, நீதியின் வாயிலை அடைத்துவிட்டு உள்ளே வா என்பதற்கு ஒப்பாகும்.

உலக வரலாறு இதற்குச் சான்று. 1930 இல் அமெரிக்காவிலே மதுவிலக்கு நிலவிய காலத்தில், இஞ்சிச்சாறு என்ற பெயரில் விற்கப்பட்ட மதுசாரத்தை மக்கள் மருந்தென்று வாங்கிக் குடித்தனர். அச்சாற்றில் ஆவியாகாத பொருள் குறித்த அளவு இருக்கவேண்டுமென்பது அரசாங்க விதி. பரிசோதகர் கண்ணில் மண் தூவ ஏற்ற பொருளைத் தேடிய பொஸ்ரன் நகரத்து வணிகர் இருவர் முக்கிரசைல் பொசுபேற்றைக் கலந்தனர். பல்லாயிரம் பேர் முடமாயினர். விதிக்கப்பட்டதோ ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. பின்னர் நிபந்தனையை மீறியமைக்காக ஒருவர் மாத்திரம் சிறை சென்றார். 1959 இல் மொரோக்கோவின் மெக்னெசு நகர்ப்புறத்தில், விமானத்தளத்திலிருந்து கழிவிலையில் வாங்கிய இயந்திர எண்ணெயை ஒலிவ எண்ணெயோடு கலந்து விற்றதாற் பதினாயிரம் பேரளவில் முடங்கினர். குற்றம் நிகழ்ந்த பின்னர் அரச கட்டளை பிறந்தது, ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது, அது நிறைவேற்றப்படவில்லை. 1960 இல் பம்பாயில் 58 பேர். 1988 இல் கல்கத்தாவின் பெகாலாவில் கடுகெண்ணெய் உண்ட நூற்றுக்கணக்கானோர். ஊர் வேறு, மொழி வேறு, எண்ணெய் வேறு, நஞ்சு ஒன்றே.

இவற்றை ஒருசேர வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பொஸ்ரனில் நடந்தது வஞ்சகம். மொரோக்கோவில் நடந்தது பேராசை. நம் மலையகத்தில் நடந்தது அசட்டை. வஞ்சகனுக்கும் அசட்டைக்காரனுக்கும் மனநிலையில் வேறுபாடு உண்டு. தண்டனையிலும் வேறுபாடு இருத்தல் முறையே. ஆனால் முடமான காலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆகவே உணவு விடயத்தில் எண்ணத்தை ஆராய்ந்துகொண்டிராமற் செயலையே பொறுப்பாக்கும் கண்டிப்பான விதி வேண்டும். குற்றம் நிகழ்ந்த பின் சட்டம் இயற்றித் தண்டிப்பது மொரோக்கோவின் வழி. சட்டநெறி அதனை ஒப்பாது. முன்னரே விதி செய்து தடுப்பதுதான் நாகரிக ஆட்சியின் வழி.

நம் நாட்டிற் சட்டமே இல்லை என்று நாம் கூறவில்லை. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் உடலுக்கு ஊறு செய்யும் உணவை விற்றலைத் தடைசெய்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அதிகாரசபையை நிறுவிற்று. எனினும் உணவுச் சட்டத்தின் கை முதலிற் சென்று பற்றுவது உணவு விற்பவனையே. இயந்திர எண்ணெய் தீர்ந்த பரலை, அது எங்கே போகும் என்று கேளாமல் விற்பவனே கேட்டின் ஊற்று. ஊற்றை விட்டுவிட்டு வாய்க்காலைத் துப்புரவு செய்வதால் ஆவதென்ன?

‘ஐம்பது ஆண்டுக்கு முந்திய கதையை இன்று கிளறுவானேன்?’ என்று கேட்போர் இருப்பர். அவர்கள் தத்தம் வளவைச் சுற்றிப் பார்க்கட்டும். தண்ணீர் சேமிக்கும் பரல் முன்னர் எதைச் சுமந்தது என்பதை எத்தனை வீட்டார் அறிவர்? வெங்காயத்திற்கும் புகையிலைக்கும் தெளிக்கும் பூச்சிநாசினிகள் பலவும் இதே பொசுபேற்றுக் குலத்து உறவினரே. பரத்தியோன் 1984 இலும், மொனோகுரொட்டபொசு 1995 இலும் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டமை அவற்றின் கொடுமையைக் கண்டேயாம். அந்தப் போத்தலில் மண்ணெண்ணெய் வைப்பதும், அந்தக் கலனில் மோர் கொண்டுபோவதும் முற்றாக ஒழிந்துவிட்டனவா? சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை மறந்துவிட்டோமா? அவ்வழக்கிலே 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவைத் தாங்கவேண்டும் என்ற நெறியைப் பற்றி நின்று, 2 கோடி ரூபா இழப்பீட்டுக்குக் கட்டளையிட்டது. தீர்ப்பு பாராட்டத்தக்கது. ஆயினும் தீர்ப்பு வரும்வரை மக்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தனர் என்பதே கேள்வி.

மற்றொன்றையும் சொல்லாமல் விடவொண்ணாது. 1977 இல் மலையகத் தமிழரிற் பெருந்தொகையினர் நாடற்றோர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் செய்த அநீதிக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை முழுப் பரிகாரம் கிட்டவில்லை. வாக்கில்லாதவன் வீட்டு நோவு மன்றத்திற் கேட்பது அரிது. அச்சிறுமியர் இன்று அறுபது வயதை அண்மியவர்கள். அவர்களை நோயாக்கிய நல்லெண்ணெய் வழக்கம் நமக்கும் அவர்களுக்கும் பொதுவாயிருப்பதுபோல, அவர்கள் பட்ட துன்பத்திலிருந்து கற்கும் கடமையும் பொதுவேயாம்.

நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, தொழிற்சாலை எண்ணெயோ இரசாயனமோ கொண்ட பரலை விற்பவன், அதன்மேல் அழியாத நிறத்திலே தமிழிலும் சிங்களத்திலும் ‘உணவுக்கும் குடிநீருக்கும் ஆகாது’ என்று பொறித்தே விற்கவேண்டும். பொறிக்காது விற்றலே குற்றமாதல் வேண்டும். தீங்கு நேர்ந்ததா என்ற கேள்வி எழலாகாது. இரண்டாவது, மொத்தமாக எண்ணெய் ஏற்றுவோர் கொள்கலத்தின் முன்வரலாற்றை எழுத்தில் வைத்திருக்கவேண்டும். அவ்வெழுத்து இல்லாதவிடத்து நிரூபிக்கும் பாரம் அவர்கள் மீதே விழவேண்டும். மூன்றாவது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எடுக்கும் எண்ணெய் மாதிரியில் இவ்வினத்து நஞ்சுகளையும் தேடும் வசதி வடக்கிலேயே அமையவேண்டும். தேடாத நஞ்சை எந்த ஆய்வுகூடமும் காணாது. நான்காவது, ஒரே ஊரில் இருவருக்குக் காரணமின்றிக் கால் துவண்டால் அதனை வைத்தியர் உடனே அறிவிக்கவும், வீட்டிலுள்ள எண்ணெயை அன்றைக்கே முத்திரையிட்டு எடுக்கவும் ஒழுங்கு வேண்டும். சாட்சி அழியுமுன் பற்றுவதற்கு வேறு வழி இல்லை.

சிறு வணிகனுக்கு இது தாங்கொணாச் செலவு என்பார்க்கு நாம் கூறும் விடை: பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் எதற்கு இருக்கின்றன? எண்ணெய்க்கென்றே தனிக் கொள்கலங்களைச் சங்கம் வாங்கி வைத்து வாடகைக்குக் கொடுக்கட்டும். எள்ளு விதைப்பவனும் செக்காட்டுபவனும் அதனால் நன்மையே அடைவர். தூய எண்ணெய் என்ற நற்பெயர் சந்தையிற் பணமாகும்.

அரசாங்கத்தின் கையை மாத்திரம் எதிர்பார்த்திருத்தல் நம் மரபன்று. தொண்டைமானாற்று வெளிக்கள நிலையத்தின் பெயரைப் பரீட்சை வினாத்தாளில் அறியாத மாணவன் வடக்கில் அரியன். அத்தகைய ஊரின் ஆசிரியரும் மாணவரும், தம் கிராமத்தில் எத்தனை வீட்டில் எத்தகைய பரல் உண்டென்று ஒரு விடுமுறைக்குள் எழுதி எடுத்துவிடலாம். வைத்தியர் அதனை ஆராயலாம்; வழக்கறிஞர் அதனைக் கொண்டு அதிகாரிகளின் கதவைத் தட்டலாம்; கமக்காரர் தம் பூச்சிநாசினிப் போத்தல்களை நசுக்கிய பின்னரே எறியலாம். பிரதேச சபையின் அடுத்த கூட்டத்தில் இந்நான்கு கோரிக்கைகளும் தீர்மானமாக வைக்கப்படட்டும். எதிர்ப்பவர் யார் என்பதையும், எதற்காக எதிர்க்கிறார் என்பதையும் மக்கள் அப்போது அறிந்துகொள்வர்.