கிழங்கும் கழிவும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஷிப்டு முடிந்து பெருமாநல்லூரில் பஸ் இறங்கும் தொழிலாளர், பிள்ளைகளுக்கென்று வாங்கிச் செல்லும் சிப்ஸ் பொட்டலத்துக்குப் பின்னே, பல்லாண்டு விஞ்ஞான உழைப்பு மறைந்து நிற்கிறது. 1949-ல் பாட்னாவில் தோன்றி, 1956-ல் சிம்லாவுக்கு இடம்பெயர்ந்து, உதகையை அடுத்த முத்தோரையிலும் கிளை நடத்திவரும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், வறுவலுக்கென்றே குஃப்ரி சிப்சோனா ரகங்களை 1998-ல் அளித்தது.

வறுவல் கிழங்கைச் சேமிப்பதும் எளிதன்று: கடுங்குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகப் பரிணமித்து எண்ணெயில் கறுத்துப்போகிறது. குளிரைக் குறைத்தாலோ முளைவிடுகிறது. உயர்ந்த உஷ்ணத்தில் வறுபடும் மாவுப் பண்டங்களில் அக்ரிலமைடு என்னும் தீங்கு விளைவிக்கக்கூடிய ரசாயனம் உண்டாவதை 2002-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் வெளிப்படுத்திய பின், அதற்கு வித்தாகும் இந்தச் சர்க்கரை வெறும் நிறத்தைக் குறித்த பிரச்னையாக இல்லாமல் தேக ஆரோக்கியத்தைக் குறித்ததாகவும் ஆயிற்று.

ஆயினும், சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டை நேரில் கண்ட நமக்கு, எந்தத் தொழிலிலும் முதற்கண் தோன்றும் கேள்வி கழிவைப் பற்றியதே. சீவியெறியும் தோலில் நார்ச்சத்து இருக்கிறது. கிழங்கை நறுக்கிக் கழுவிய நீரில் நல்ல மாவே கலந்தோடுகிறது. சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளின் மரவள்ளித் திப்பி மாட்டுத் தீவனமாவதையும், சோமனூர், பல்லடம் விசைத்தறிகளின் பாவுக்குக் கஞ்சி மாவு அவசியமாக இருப்பதையும் சேர்த்து எண்ணும்போது, மேட்டுப்பாளையம் மண்டிகளில் விலைபோகாமல் கழிபடும் நீலகிரிக் கிழங்கை மாவாக்கிப் பாவில் பரீட்சிக்கும் காரியத்தில், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவும் கைகோக்க வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம்.