எஞ்சிய உணவை எறிந்துவிடாதீர்கள்

கெட்டுப்போன உணவை உடனே குப்பையில் கொட்டுவது நல்ல பழக்கமே. ஆனால் அதை உண்டவருக்கு இமைகள் தளர்ந்து, பார்வை இரண்டாகத் தெரிந்து, பேச்சும் குழறினால், கொட்டாமல் வைக்குமாறு வேண்டுகிறோம்.

போட்டுலிசம் என்னும் இந்நச்சுநோய் அரிதானது. பெரும்பாலும் உண்ட 12 முதல் 36 மணி நேரத்திற்குள் தொடங்கும். காய்ச்சல் இராது, அறிவு தெளிவாகவே இருக்கும். பக்கவாதம் என்றே வீட்டார் எண்ணுவர். தசைத்தளர்ச்சி முகத்திலிருந்து கீழிறங்கி மூச்சைத் தாக்குகிறது. டப்பா உணவில் மட்டுமே வரும் என்பதும் சரியன்று: 1996இல் குஜராத்தின் விடுதிப் பள்ளியொன்றில் மாணவர்கள் 34 பேர் நோயுற்றபோது, ஐயத்திற்கு உள்ளானது கடலைமாவுச் சேவு. மூவர் இறந்தனர்.

நச்சுமுறிவு மருந்து நோய் மேலும் முற்றுவதைத் தடுக்கும். செயலிழந்த நரம்புமுனைகள் மீளப் பல வாரங்கள் ஆகலாம். அதுவரை செயற்கைச் சுவாசம். அச்செலவை உணவை விற்றவரே ஏற்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, உயிரிழப்பிற்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்திற்கு 3 லட்சம் வரையும் இழப்பீடு பெற வழிசெய்கிறது. (தீவிர சிகிச்சைப் பிரிவின் கணக்கை அறிந்த எங்களுக்கு அந்த 3 லட்சம் சிறு தொகையாகவே தோன்றுகிறது.) நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடவும் இடமுண்டு.

எங்கு சென்றாலும் முதலில் கேட்கப்படுவது சான்று. எஞ்சிய உணவு, அதன் உறை, ரசீது ஆகியவற்றைப் பையிலிட்டுக் கட்டி, உணவைக் குளிர்பெட்டியில் தனியே வையுங்கள். எவரும் சுவைத்துப் பார்க்க வேண்டா. நோயாளியை அழைத்துவரும்போதே எங்களிடம் சொல்லுங்கள். நோயறியவும் அது வேண்டும்.