வளரும் கற்கள்



ரிங்லெட் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்தெடுத்து, இப்போது மகன் வீட்டில் ஓய்வாக இருப்பவர். கடிதத்தில் பாதி அவருடைய முட்டிவலி. மீதியில் பெரும்பகுதி, நம் பத்திரிகையின் எழுத்து வர வரச் சிறுத்துக்கொண்டே போகிறது என்ற புகார். (எழுத்தின் அளவு மாறவில்லை அம்மா. ஆனாலும் அச்சகத்தில் சொல்லிவைத்திருக்கிறேன்.) கடைசி நான்கு வரியில்தான் விஷயம்: "எங்க லயத்துக்கு மேல முனியாண்டி கல்லு ஒண்ணு இருக்குதுங்க ஐயா. எங்க ஆயா காலத்துல முழங்கால் ஒசரம்னு சொல்லுவாங்க. இப்ப என் இடுப்புக்கு வருது. கல்லு வளருமா?"

அலுவலகத்தில் வாசித்துக் காட்டினேன். இளையவர்கள் சிரித்தார்கள். "கல் வளரலைங்க, பாட்டிதான் குறுகிட்டாங்க" என்றார் ஒரு தம்பி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை எத்தனையோ ஊர்களில் கேட்டிருக்கிறார்கள். வளரும் என்றே பதிலும் சொல்லியிருக்கிறார்கள்.

நெடுந்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். குறிகட்டுவானில் படகேறிப் போகவேண்டிய தீவு. பவளக்கல்லை அடுக்கி எழுப்பிய வேலிகள், பாழடைந்த கோட்டை, கட்டைக் குதிரைகள் மேயும் வெட்டவெளி, பருத்த பெருக்கமரம். அங்கே ஒரு கல்லைச் சுற்றி வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் பெயரே வளரும் கல். ஆண்டுக்கு ஆண்டு உயர்கிறது என்று நம்பிக் கும்பிடுகிறார்கள். அதே தீவில் பாறையில் பதிந்த பெரிய பாதம் ஒன்றும் உண்டு. அரக்கன் கால் என்பார் சிலர், இலங்கைக்குத் தாவிய அனுமன் கால் என்பார் சிலர். மலாயாத் தோட்டங்களில் எழுத்தர் வேலை பார்த்த கிராணிகளில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். தீவின் கதை அவர்களுடைய பெட்டியோடு கப்பலேறியிருக்கலாம்.

ஆனால் அதற்குக் கப்பலேற வேண்டிய அவசியமே இல்லை. நெகிரி செம்பிலானில் லிங்கி ஆற்றை ஒட்டிய பெங்காலான் கெம்பாசில் நட்ட கற்கள் நிற்கின்றன. வாள், சுக்கான், அகப்பை என்று அவற்றின் வடிவத்தைப் பார்த்து மலாய்க்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஷேக் அகமது மஜ்னூனின் கல்லறை. அங்குள்ள கல்வெட்டின் ஆண்டு 1467. இத்தகைய கற்களை மலாயில் 'பத்து ஹிடுப்', உயிருள்ள கல் என்கிறார்கள். அவையும் வளரும் என்பதுதான் நம்பிக்கை. அங்கே துளையுள்ள கல் ஒன்றும் உண்டு. பொய் சொன்னவன் கையை அதற்குள் விட்டால் கல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம். நம் சங்கக் கூட்டங்களுக்கு ஒன்று வாங்கி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கேமரன் மலையின் அடியில் கிடப்பது தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல். வயது ஏறத்தாழ 20 கோடி ஆண்டு. மழைநீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கி ஓரங்களை மண்ணாக உதிர்த்துவிடும். நடுவில் உதிராத பகுதி உருண்டை உருண்டையாக மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். மேலே காடு இருக்கும்வரை அது வெளியே தெரியாது. காட்டை வெட்டிச் சரிவைத் திறந்துவிட்டால், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மண் கரைந்து இறங்கும்; கல் கொஞ்சம் மேலே வரும். ஆயாவுக்கு முழங்கால், பேத்திக்கு இடுப்பு. அந்தச் சரிவைத் திறந்துவிட்டதே அந்த ஆயாவின் தலைமுறைதான்.

இன்னொரு விதத்திலும் கல் வளரும். வாரம் தவறாமல் எண்ணெய், மஞ்சள், சந்தனம், குங்குமம் என்று பூசுகிறோம். பழையது போவதற்குள் புதியது ஏறுகிறது. பல காலமாகக் கும்பிடும் கல்லைத் தொட்டுப் பாருங்கள், விரலில் படுவது கல்லா பூச்சா என்று தெரியாது. ஆகவே, அம்மா, உங்கள் ஆயா சொன்னது பொய்யில்லை. தாராளமாகக் கும்பிடுங்கள்.

எனக்குச் சங்கடம் தருவது வேறு. அண்மைக்காலத்தில் கைக்கு வரும் கும்பாபிஷேக மலர்கள் பலவற்றில் "ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த" என்ற வரி தவறாமல் இருக்கிறது. நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு குறித்ததே 1885இல்தான். ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். தாப்பாவிலிருந்து மலைச்சாலை வந்துசேர்ந்ததும் அதையொட்டிய ஆண்டுகளில்தான். ஒரு நீராவி உருளையையும் கோவேறு கழுதைகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு, அட்டைக்கடியிலும் குளிரிலும் காட்டை வெட்டியவர்கள் அட்டணக்கால் போட்டுக்கொண்டு தலபுராணம் எழுதவில்லை. மரத்தடியில் ஒரு கல்லை நட்டார்கள், ஒரு சூலத்தைக் குத்தினார்கள், "முனியாண்டி, பார்த்துக்கோ" என்றார்கள். அந்தக் கல்லுக்கு வழிபாட்டு வயது நூறுகூட ஆகவில்லை. அதனால் அதற்கு என்ன குறை? பொய்யான ஆயிரத்தைவிட உண்மையான தொண்ணூறு எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தத் தொண்ணூறுக்குள் நமக்குத் தெரிந்த முகங்கள் இருக்கின்றன.

பழமைதான் வேண்டுமென்றால் வழக்கத்தில் தேடலாம். நடுகல் எடுப்பதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று தொல்காப்பியம் படிப்படியாக முறை சொல்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்தே இருக்கிறது. அதியமானின் நடுகல்லுக்கு மயிலிறகு வைத்துக் கள் படைத்ததை ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். முனிக்குச் சுருட்டும் சாராயமும் வைக்கும் தோட்டத்துப் பெரியவர் அதைப் படித்திருக்கமாட்டார். ஆனால் இறந்துபோன வீரனுக்குப் பூவும் பாலும் மட்டும் போதாது என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. கோயிலைக் "கௌரவப்படுத்துகிறோம்" என்று சாராயத்தை நிறுத்திவிட்டுச் சர்க்கரைப் பொங்கல் வைக்கும் நிர்வாகத்தினர் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். முனியும் பாவம், பழகிவிட்டார்.

இந்த மலைக்கு நாம் முதலில் வந்தவர்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். செமாய் பூர்வகுடி மக்களுக்கு இந்தக் காடு தலைமுறை தலைமுறையாக வீடு. பிராணிகளைக் கேலி செய்து சிரித்தால் இடியும் புயலும் வரும் என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. காட்டுக்குள் நுழையுமுன் அங்கிருப்பவரிடம் அனுமதி கேட்கும் பழக்கம் மலாய்க்காரர்களிடம் உண்டு. சீனர்கள் மரத்தடியிலும் புற்றோரத்திலும் சிவப்புச் சிறுகூடம் வைத்து டத்தோ கோங்கைக் கும்பிடுகிறார்கள். அவர் மலாய்ப் பெரியவர் என்பதால் பன்றிக்கறி படைக்கமாட்டார்கள். நம்மவர்களோ வளைவுக்கு வளைவு முனியை நிறுத்தினார்கள். லாரி ஓட்டுநர் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுத்தான் அவரைக் கடப்பார். ஒரே காட்டுக்கு எத்தனை காவல்காரர்கள்! அவர்களுக்குள் எல்லைத் தகராறு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரே கல் இரண்டு கதைகளைச் சுமப்பதும் இந்த நாட்டில் புதிதில்லை. தாயை மறுத்த சீ தங்காங்கின் கப்பல் கல்லாகச் சமைந்ததுதான் பத்துமலை என்று மலாய்க் கதை ஒன்று உண்டு. தம்புசாமி பிள்ளை அதே குகையை முருகனுக்குரிய இடமாகக் கண்டார். 1890களின் தொடக்கத்திலிருந்து அங்கே தைப்பூசம் நடக்கிறது. தேயிலைக்குப் பேர்போன இன்னொரு மலைநாட்டிலும், இலங்கை மஸ்கெலியாப் பக்கம் நிமிர்ந்து பார்த்தால் சிவனொளிபாதமலை. உச்சியில் ஒரே பாதம். சைவருக்குச் சிவன், பௌத்தருக்குப் புத்தர், இசுலாமியருக்கு ஆதம். கல் யாரிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை.

கேமரன் மலைக்கு வரும் சுற்றுலாப் பயணியிடம் இங்குள்ள மர்மக் கதை எது என்று கேளுங்கள். ஜிம் தாம்சன் என்பார். தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பெயர்பெற்ற அமெரிக்கர். 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவில்லை. இராணுவம் தேடியது, பூர்வகுடி வழிகாட்டிகள் தேடினார்கள், போமோ எனப்படும் மலாய் மந்திரவாதிகளும் தேடினார்கள். புத்தகங்கள் வந்தன. நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த பங்களாக்களுக்கு விறகு சுமந்தவர்களின் கதைக்கு ஒரு பக்கமும் ஒதுக்கியவர் இல்லை.

இப்போது தோட்டத்துக்குள் போனால் கொழுந்தெடுப்பவர் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர், நேப்பாளி அல்லது இந்தோனேசியர். நம் பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும். லயம் காலியானாலும் கல் அங்கேயேதான் நிற்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர் அதைச் சுற்றி மருந்தடித்துவிட்டுப் போகிறார். யார் நட்டது, எந்த ஊரிலிருந்து பிடிமண் வந்தது, எந்தக் காய்ச்சலுக்குப் பிறகு நேர்ந்துகொண்டது என்று சொல்லத் தெரிந்தவர்கள் முட்டிவலியோடு மகன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதனால்தான் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்துக் கல்லின் கதையை எழுதி அனுப்புங்கள். கேமரன் மலையென்றில்லை, எந்தத் தோட்டமானாலும் சரி. முனி, காளி, மதுரைவீரன், ஏழு கன்னிமார், பெயரே இல்லாத வெறுங்கல், எதுவானாலும் சரி. முதலில் வைத்தவர் யார், என்ன படைத்தார்கள், எதைச் செய்யக்கூடாது என்றார்கள், செய்தவருக்கு என்ன ஆனது என்று நீங்கள் கேட்டபடியே எழுதுங்கள். இலக்கணம் பார்க்க நாங்கள் இருக்கிறோம். ஆயா சொன்ன சொல்லை மட்டும் மாற்றாதீர்கள். எழுத முடியாதவர்கள் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதட்டும். ஒரே கல்லுக்கு ஒரே வீட்டில் இரண்டு கதை இருந்தால் இரண்டையும் அனுப்புங்கள், சண்டையைத் தீர்த்துவிட்டு அனுப்ப வேண்டியதில்லை.

படம் எடுப்பவர்கள் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். பூசாரி இல்லாத கல்லானால் அந்தக் கல்லிடமே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்