ஊரிலிருந்து வந்த பிள்ளை



தூத்துக்குடியிலிருந்து வரும் விரைவு ரயில் முற்பகலில் மைசூர் நிலையத்துக்குள் நுழையும்போது, அதிலிருந்து இறங்குகிறவர்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அரிசி மூட்டை, முருங்கைக்காய்க் கட்டு, கருவாட்டுப் பொட்டலம், முறுக்கு டின் என்று சொந்த ஊரையே பாதி சுமந்துகொண்டு நம் ஜனங்கள் இறங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் சில வேளைகளில் ஒன்பது அல்லது பத்து வயதுள்ள பெண்பிள்ளை ஒன்றும் இறங்கும். அவள் கையைப் பிடித்திருப்பவள் தாயல்ல. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு பாவாடை சட்டை. பள்ளிப் புத்தகம் மட்டும் இராது. இப்படி வருகிறவளுக்கு நம் குடும்பங்களில் ஒரு பெயர் உண்டு: "ஊரிலிருந்து வந்த பிள்ளை."

இம்மாதம் அந்தப் பிள்ளையைக் குறித்து எழுதுகிறேன். முதலாவது என் குறையைச் சொல்லிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு விசுவாசியின் வீட்டில் ஜெபத்துக்காகக் கூடியிருந்தோம். ஜெபம் முடிந்து பந்தி அமர்ந்தோம். இலையில் தண்ணீர் தெளித்தது, சோறு கொண்டுவந்தது, எச்சில் இலையை எடுத்தது எல்லாம் ஒரு சிறு பெண். அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் அருகே அழைத்து, பெயர் சொல்லி, அவர்கள் படிப்புக்காகவும் எதிர்காலத்துக்காகவும் தலையில் கைவைத்து ஜெபித்தேன். அந்தப் பெண் சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்று கண்களை மூடிக்கொண்டிருந்தாள். அவள் பெயரை நான் கேட்கவில்லை. வீடு திரும்பும் வழியில் என் மனைவி, "அந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டு வேலைக்கு 14 வயது நிறையாத பிள்ளைகளை வைக்கலாகாது என்று அரசு 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 10 முதல் தடை செய்திருந்தது. நான் சொல்லும் சம்பவம் அதற்குப் பிற்பட்டது. ஆகவே, "அந்தக் காலத்தில் சட்டம் இல்லை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு இடமில்லை.

மறுவாரம் விசாரித்தேன். தகப்பன் இறந்துவிட்டார், தாய்க்குக் கடன். இந்தக் குடும்பம் அந்தக் கடனில் ஒரு பகுதியை அடைத்துவிட்டுப் பிள்ளையை அழைத்து வந்திருந்தது. "ஐயா, எங்கள் பிள்ளையைப்போலத்தான் வைத்திருக்கிறோம், அங்கே இருந்தால் மூன்று வேளைச் சோறு கிடைக்குமா?" என்று கேட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நல்ல சோறுதான் போட்டார்கள், அடித்ததும் இல்லை. ஆனால் காலையில் அவர்கள் பிள்ளைகளுக்கு டிபன் பாத்திரத்தில் சாதம் கட்டிக் கொடுத்துப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, பின்பு பாத்திரம் விளக்க உட்காருகிறவள் அவள்தானே? அந்த ஒரு வித்தியாசத்தை "எங்கள் பிள்ளையைப்போல" என்ற சொல் மறைத்துவிடுகிறது.

அன்பானவர்களே, பிள்ளை உழைப்பு என்றவுடன் சிவகாசித் தீப்பெட்டியையும் கல் குவாரியையும் நினைத்துக்கொள்ளுகிறோம். அது வேறு யாரோ செய்கிற பாவம் என்று நமக்கு ஆறுதல். உண்மையில் இதன் வேர் ஆலையில் இல்லை, முன்பணத்தில் இருக்கிறது. பெற்றோர் ஒரு தொகையை வாங்குகிறார்கள். அது தீருமட்டும் பிள்ளை உழைக்கிறது. இப்படிப் பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்க 1933-ஆம் ஆண்டிலேயே, ஆங்கிலேயர் ஆட்சியில், தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அவ்வளவு பழைய நோய் இது.

பெங்களூருக்கு ரயிலில் போகிறவர்கள் ராமநகரத்தைக் கடந்துதான் போகவேண்டும். அங்குள்ள பட்டுக்கூட்டுச் சந்தை பேர்பெற்றது. பட்டுக்கூட்டைக் கொதிநீரில் இட்டுப் பசையை இளக்கி, நூலின் முனையைத் தேடி எடுத்துச் சுற்றவேண்டும். அந்த நீரில் பிள்ளைகளின் கைகள் மூழ்கின. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் அமைப்பு 2003-இல் கர்நாடகம், காஞ்சிபுரம், வாரணாசி ஆகிய இடங்களின் பட்டுத்தொழிலை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், முன்பணத்துக்குக் கட்டுண்ட பிள்ளைகள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததையும், வெந்நீரால் கைகள் கொப்புளித்ததையும் பதிவு செய்தது. அவர்கள் பெற்றோர் வாங்கிய தொகை பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள்தான். இன்று பல இடங்களில் தானியங்கி நூற்பு இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் நம் சகோதரிகள் திருமணத்துக்குக் கட்டுகிற பட்டின் பின்னால் இப்படியும் ஒரு சரித்திரம் உண்டென்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

வட ஆற்காட்டுப் பீடிக் குடிசைகளிலும் இதே கதைதான். 1986-ஆம் ஆண்டின் சட்டம் பீடி சுற்றுவதைப் பிள்ளைகளுக்கு விலக்கப்பட்ட வேலைகளில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தாரைக்கொண்டு நடத்தும் பட்டறைக்கு விலக்கும் அளித்தது. வேலி போட்டுவிட்டு வாசலைத் திறந்து வைத்ததுபோல!

இந்த இடத்தில் வேதத்தின் இரண்டு சம்பவங்களை உங்கள் முன் வைக்கிறேன். 2 இராஜாக்கள் நான்காம் அதிகாரத்து விதவையை எல்லாரும் அறிவோம். எண்ணெய் பெருகியதைக் குறித்து எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்த அற்புதம் எதற்காக நடந்தது? கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு குமாரரையும் அடிமைகளாக்க வந்து நின்றான். இறந்துபோன புருஷன் யார்? தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவன். கர்த்தருக்குப் பயந்து நடந்தவன். நம் வழக்கில் சொன்னால் ஓர் ஊழியக்காரன். ஓர் ஊழியக்காரனுடைய வீட்டுப் பிள்ளைகள் அடகுக்குப் போக இருந்தார்கள்! அவன் உடன் ஊழியர்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அயல்வீட்டாரிடம் வெறும் பாத்திரங்கள் ஏராளமாய் இருந்தன, கேட்டவுடன் கொடுத்தார்கள். கேட்கும்வரை அந்த வீட்டில் என்ன நடக்கிறதென்று அறிந்திருந்தார்களா?

எலிசா செய்ததையும் கவனியுங்கள். பிள்ளைகளை நல்ல எஜமானிடத்தில் சேர்த்துவிடு என்று அவர் சொல்லவில்லை. எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்க்கவும், மீந்ததைக்கொண்டு தாயும் பிள்ளைகளும் சேர்ந்து பிழைக்கவும் வழி காட்டினார். அறுக்கப்பட்டது கடன், பிள்ளைகள் தாயோடே இருந்தார்கள்.

மற்றது நெகேமியா ஐந்தாம் அதிகாரம். பஞ்சத்தில் தானியத்துக்காகவும் ராஜாவின் தீர்வைக்காகவும் ஜனங்கள் நிலங்களை ஈடு வைத்தார்கள். குமாரரையும் குமாரத்திகளையும் அடிமைப்படுத்த வேண்டியதாயிற்று. கடன் கொடுத்தவர்கள் அந்நியர் அல்ல, சொந்தச் சகோதரர். நெகேமியா பெரிய சபையைக் கூட்டி அவர்களைக் கடிந்துகொண்டார். அதற்கும் மேலாக, தானும் தன் சகோதரரும் தன் வேலைக்காரரும் அப்படியே பணமும் தானியமும் கொடுத்திருந்ததை அந்தச் சபையின் முன்பாகவே ஒப்புக்கொண்டார். அவர் மட்டும் தூரத்தில் நின்று குற்றம் சாட்டியிருந்தால் நான் அந்த அதிகாரத்தை இவ்வளவு நேசித்திருக்கமாட்டேன்.

நம் தேசத்தின் நீதியும் ஏறக்குறைய இதே வழியில் யோசித்திருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி, ஒருவனைக் கொத்தடிமையாய்க் கட்டிவைத்த கடன் அழிந்துபோகிறது. அதைத் திருப்பிக் கேட்பவனுக்கே தண்டனை. 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சிவகாசியைக் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் தீர்ப்பளித்தபோது, ஒவ்வொரு பிள்ளைக்காகவும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்தவேண்டும் என்றது. பிள்ளைக்குப் பதிலாகக் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை தரவேண்டும். தர இயலாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்கவேண்டும் என்றும் கூறியது. பிள்ளையை வேலையிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டை அப்படியே பசியில் விட்டுவிட்டால் அவள் அடுத்த ரயிலில் வேறு வீட்டுக்குப் போவாள் என்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தார்கள்.

2016-இல் சட்டம் இன்னும் இறுகியது. 14 வயது நிறையாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. மீறி வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கு முதல் முறை தண்டனை இல்லை. பதினைந்து, பதினாறு வயதானவள் என்றால் கவலையில்லை என்று எண்ணுகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 18 வயதுவரை உள்ள அனைவரையும் குழந்தை என்றே கொள்ளுகிறது. அப்படிப்பட்டவரைக் கட்டிவைத்து வேலை வாங்கினாலோ, சம்பாத்தியத்தைத் தாமே வைத்துக்கொண்டாலோ ஐந்து ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. "சம்பளத்தை நாங்களே சேர்த்து வைத்திருக்கிறோம், கல்யாணத்துக்குக் கொடுப்போம்" என்கிற பேச்சை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அவள் பெயரில் வங்கிக் கணக்கு உண்டா என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடுகிறது.

நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தோர் அறியவேண்டியது இன்னொன்று. "சான்றிதழ் இல்லை, வயதுக்கு ஆதாரம் இல்லை, கன்னடம் தெரியாது, இனி எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்?" என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காக ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதும் காரணமாகாது. இடையில் நின்றவள் என்றாலும் அவள் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியதைச் சரிசெய்யத் தனிப்பயிற்சி தரவேண்டும். மதிய உணவும் உண்டு; கர்நாடகத்தில் 2002-இல் தொடங்கிய அட்சர தாசோகம் அதுதான். தமிழ்ப் பிள்ளைக்குக் கன்னடம் முதலில் மிரட்டும் என்பது உண்மையே. ஆனால் தெருவில் விளையாட விட்டால் ஆறு மாதத்தில் நமக்கே சொல்லிக்கொடுக்கும். என் பிள்ளைகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

துன்பத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டால் 1098 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. காப்பாற்றப்பட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் அதன்முன் கொண்டுவர வேண்டும் என்பது விதி. "சபையின் காரியத்தை வெளியே கொண்டுபோவதா?" என்று ஒரு மூப்பர் என்னிடம் வருத்தத்தோடு கேட்டார். அந்தப் பிள்ளை சபையின் காரியம் என்றால், இத்தனை நாள் சபை அவளைக் கணக்கில் வைத்திருந்ததா? ஞாயிறு பள்ளிப் பதிவேட்டில்கூட அவள் பெயர் இல்லை. ஆராதனை நேரத்தில் அவள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே நின்றாள்.

உலகம் முழுவதிலும் 13 கோடியே 80 லட்சம் பிள்ளைகள் இன்னும் உழைப்பில் இருப்பதாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யூனிசெஃபும் 2025-இல் அறிவித்தன. இவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டால் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவோம். ஆகையால் உங்கள் தெருவை மட்டும் எண்ணிப் பாருங்கள். பள்ளி வேன் போனபின்பு வாசல் தெளிக்கிற சிறு கைகள் எத்தனை?

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தக் குடும்பத்தாரோடு நான்கு முறை உட்கார்ந்து பேசினோம். முதல் இரண்டு முறையும் கோபம். மூன்றாம் முறை சகோதரி அழுதார்கள். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். தாய்க்கு மீதமிருந்த கடனுக்காக நம் சபையின் பெண்கள் ஐக்கியம் காணிக்கை எடுத்தது. ஒரு தையல் இயந்திரமும் வாங்கிக் கொடுத்தது. அது அவளுக்கு முழுப் பிழைப்பைத் தந்துவிடவில்லை. இப்போதும் பண்டிகைக் காலத்தில்தான் துணி வருகிறதாம். பிள்ளை ஊரில் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தாள். தன்னைவிடச் சிறியவர்களோடு உட்கார வெட்கப்பட்டு இரண்டு முறை நின்றுவிட்டு, மறுபடியும் போனாள். அந்தக் குடும்பம் இப்போது வேறு சபைக்குப் போகிறது. வழியில் கண்டால் தோத்திரம் சொல்லுகிறோம்.

அவளை ரயில் ஏற்றப் போயிருந்தபோதுதான் பெயரைக் கேட்டேன். சொன்னாள். பின்பு ஜன்னல் வழியாக, "பாஸ்டர் ஐயா, அன்றைக்கு எனக்கும் ஜெபித்தீர்களா?" என்று கேட்டாள்.